அருவிக்கு மேலே யாருடைய மீன்?

கந்தப்பளையைச் சூழ்ந்த தோட்டங்களுள் ஒன்றில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாம் ஒரு கேள்வி கேட்டோம். "உங்கள் லயத்துக்குக் கீழே ஓடை ஒன்று ஓடுகிறதே, அதில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன?" பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். ஒருவன் "திலாப்பியா" என்றான். திலாப்பியா கந்தப்பளைக் குளிரில் பெருகும் மீனன்று. கீழே உள்ள நீர்த்தேக்கங்களில் பிடிபட்டு, வண்டியேறிச் சந்தைக்கு வருவது. மாணவி ஒருத்தி "ட்ரவுட்" என்றாள். நுவரெலியாவில் ஓர் உணவு விடுதியின் பலகையில் அச்சொல்லை அவள் படித்திருக்கிறாள்; அந்த மீனைக் கண்டதுமில்லை, உண்டதுமில்லை. கடைசி வாங்கிலிருந்த சிறுவன் ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி, "நண்டு, சேர்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது.

அந்தச் சிறுவன் சொன்னதே சரியான விடை. வகுப்பு சிரித்ததற்கு வகுப்பைக் குறைகூற நாம் முன்வரமாட்டோம். சந்தையில் விற்பதும் விடுதியில் பரிமாறுவதுமே மீன், மற்றவை ஒன்றுமில்லை என்று நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த மலைக்குக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. பிள்ளைகள் அந்தப் பாடத்தைத்தான் ஒப்பித்தார்கள்.

மலைநாட்டு நீர்நிலைகளில் வளர்ப்பு மீன் விடுவதைப் பற்றி யாரேனும் ஐயம் எழுப்பினால், "அங்கே அழிவதற்கு என்ன இருக்கிறது?" என்பதுதான் முதலில் எழும் பதில். இந்தப் பதிலில் ஓர் உண்மையும் ஒரு பெரும் மோசடியும் கலந்திருக்கின்றன. மேட்டு மலையின் ஓடைகளில் இயற்கையான மீன் வகைகள் மிகக் குறைவு என்பது உண்மை. ஆற்றின் மீன்கள் மேலேறி வரும் வழியில் அருவிகள் குறுக்கே நின்றன. ஆனால், மீன் இல்லாத நீர் உயிரில்லாத நீராகிவிடுமா? மீன் ஏறாத இடத்தில் மீனுக்கு அஞ்சக் கற்காத உயிர்கள் குடியேறின. நண்டு, இறால், தவளையின் தலைப்பிரட்டை, கல்லின் அடியில் ஒட்டிவாழும் பூச்சிகளின் இளம்புழுக்கள் ஆகியவையே அந்த ஓடைகளின் குடிகள். இலங்கையின் நன்னீர் நண்டுகள் ஐம்பது வகைக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழ அனைத்தும் இத்தீவையன்றி உலகில் வேறெங்கும் காணப்படாதவை. பல வகைகளின் உலகம் ஒரு மலைச்சரிவோடும் ஓரிரு ஓடைகளோடும் முடிந்துவிடுகிறது. ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் சிற்றிறால் ஒன்று வாழ்கிறது. விஞ்ஞான உலகம் அதனை அறிந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும், அந்தச் சமவெளியை விட்டு வேறோரிடத்தில் அது கிடைத்ததில்லை.

"அங்கே ஒன்றுமில்லை" என்ற சொல்லை நாம் முன்பும் கேட்டிருக்கிறோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காட்டையும் தரிசையும் ஆளில்லா நிலத்தையும் முடிக்குரியதென்று கருதிற்று. உரிமை நிரூபிக்க முடியாத கண்டிக் கிராமத்தானின் மேய்ச்சல் காடு ஒரே எழுத்தில் வெற்றுநிலமாயிற்று; வெற்றுநிலம் பின்னர் கோப்பித் தோட்டமாயிற்று. நிலத்தைத் தரிசு என்றவர்கள் நீரையும் தரிசு என்றார்கள். அவர்கள் கணக்கில், கைத்தூண்டிலின் முனையில் துள்ளாத எதுவும் உயிரன்று.

தூண்டிலுக்குரிய மீன் ட்ரவுட். கோப்பி நோய்ப்பட்டு அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த 1880களில், பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகள் கப்பலேறி இத்தீவுக்கு வந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வானவில் ட்ரவுட்டும் வந்து சேர்ந்தது. ஸ்கொத்லாந்தின் ஆற்றங்கரையை நினைத்து ஏங்கிய துரைமாருக்கு மலைநாட்டு ஓடை வெறுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவர்கள் தமக்கென ஒரு மீன்பிடிச் சங்கம் அமைத்தார்கள். நுவரெலியாவில் குஞ்சு பொரிப்பகம் நடத்தினார்கள். 1873இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் தேக்கப்பட்ட ஏரியும், மேட்டு ஓடைகளும், ஹோட்டன் சமவெளியும் அவர்களுடைய பொழுதுபோக்குக் குளங்களாயின. அந்த முட்டைகள் குளிர் குறையாமல், ஆட்டம் காணாமல், கடல் கடந்து கொண்டுவரப்பட்டன. அதே பத்தாண்டில் நம் முன்னோரின் பல்லாயிரம் பேர் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் வழியோரங்களில் விழுந்துகொண்டிருந்தார்கள். அந்த வடக்குப் பாதை 1899இல்தான் மூடப்பட்டது. ஒரு சமுதாயம் எதனை மதிக்கிறது என்பதை அறிய இவ்விரு பயணங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும்.

நீலகிரியிலும் இதே கதைதான். 1860களிலிருந்து துரைமார் அங்கும் ட்ரவுட்டைக் குடியேற்ற முயன்றார்கள். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் எழுந்தது. தேயிலையும் கூலியும் எங்கு சென்றனவோ அங்கெல்லாம் ட்ரவுட்டும் சென்றது என்று சொல்வதில் பெரிய பிழையில்லை.

ட்ரவுட் வந்த ஓடையில் என்ன நிகழ்கிறது என்பதை நியூசிலாந்து தெளிவாகக் காட்டியிருக்கிறது. 1867இல் அங்கே பழுப்பு ட்ரவுட் விடப்பட்டது. அந்நாட்டின் காலக்சியஸ் என்னும் சிறுமீன் வகைகள் பல ஆறுகளில் ஒடுங்கிவிட்டன. சில வகைகள் ட்ரவுட் ஏற முடியாத அருவிகளுக்கு மேலே மட்டும் பிழைத்துக் கிடக்கின்றன. ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். பகலில் கல்லின் மேல் பாசி மேய்ந்துகொண்டிருந்த பூச்சிப் புழுக்கள், ட்ரவுட் உள்ள ஓடையில் பகல் முழுவதும் ஒளிந்திருந்து இரவில் மட்டும் வெளிவரலாயின. மேய்வாரின்றிக் கல்லில் பாசி தடித்தது. ஒரு மீனை விட்டதால் ஓடையின் பகலும் இரவும் மாறிப்போயின. அருவிக்கு மேலே உள்ள நீர் அங்கே அடைக்கலம். இங்கோ அருவிக்கு மேலேயே கொண்டுபோய் ட்ரவுட்டை விட்டார்கள். ஹோட்டன் சமவெளியில் அது இன்றும் தானே பெருகி வாழ்கிறது. சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. நிலத்தில் ஒரு பூவைப் பறிக்கக் கூடாதென்று அறிவிப்புப் பலகை நிற்கும் இடத்தில், நீருக்குள்ளே துரைமாரின் விருந்தாளி இன்னும் வேட்டையாடிக்கொண்டிருக்கிறான்.

இனி இரண்டாவது பதிலுக்கு வருவோம். முதலாவதைப்போல் இதை எள்ளி ஒதுக்குவதற்கில்லை. "மலைநாட்டுக் குழந்தைக்குப் புரதம் வேண்டாமா? மலிவான மீன் கிடைக்க வழிசெய்தால் நண்டுக்காக வழக்காடுகிறீர்களா?" என்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் அளவில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்குமான கணக்கோ 17 அளவுதான். இந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அறிந்த எவரும் மலிவு மீனை எதிர்த்துப் பேசத் துணியமாட்டார்கள். நாமும் துணியவில்லை.

திலாப்பியாவின் வரலாற்றை நேர்மையாகப் பார்ப்போம். 1952இல் இத்தீவுக்கு மொசாம்பிக் திலாப்பியா வந்தது. உலர்வலயக் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் பரவிற்று. இலங்கையில் இயற்கையான பெரு ஏரி இல்லை. குளங்கள் யாவும் மனிதர் கட்டியவை. ஆற்று மீன்கள் குளத்தின் நடுநீரை அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை. அந்த இடத்தைத் திலாப்பியா பிடித்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதைப் பிடித்துப் பிழைத்தன. இலட்சக்கணக்கானோர் அதை உண்டனர். நம் லயத்து அடுப்பிலும் கருவாடும் நெத்தலியும் கட்டுப்படியாகாத நாட்களில் கொதித்தது அந்த மீனே. 1990இல் உள்நாட்டு மீன்வளத்துக்கு அளித்துவந்த ஆதரவை அரசாங்கம் சமயக் காரணம் காட்டி நிறுத்தியபோது, அடிபட்டவர்கள் குளக்கரையின் ஏழை மீனவர்கள். 1994க்குப் பின்னரே அது மீண்டது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய நீரியல்வள அபிவிருத்தி அதிகாரசபையும் பின்னர் உருவாயிற்று. ஏழையின் மீனை ஒரே கையெழுத்தில் கைவிட முடியும் என்பதையும் நாம் அந்த நான்காண்டில் கற்றுக்கொண்டோம்.

ஆகவே நமது வாதம் திலாப்பியாவின் மேலன்று. குளத்துக்குப் பொருந்தும் நியாயத்தை ஓடைக்குக் கடத்திக்கொண்டு போகிறார்களே, அந்தத் தந்திரத்தின் மேல். கரையடைத்த குளத்தில் விட்ட மீன் குளத்தோடு நிற்கலாம். ஓடும் நீரில் விட்ட மீன் நிற்காது. கந்தப்பளையின் நீர் எந்தச் சரிவில் இறங்கினாலும் அது மகாவலியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மேலே மழையில் உடைந்த ஒரு வளர்ப்புக் குட்டையின் கெண்டை, கீழே எத்தனையோ கல் தொலைவில் முட்டையிடக்கூடும். கெண்டை சேற்றைக் கிளறி இரை தேடும் மீன். அது புகுந்த இடத்தில் நீர் கலங்குகிறது, நீர்ச்செடி வேரோடு பெயர்கிறது. மகாவலியின் மேலாற்றுப் பாறை மடுக்களில் லேபியோ ஃபிஷெரி என்னும் மீன் வாழ்கிறது. சிங்களத்தில் கடயா என்பார்கள். 1917இல் விஞ்ஞானிகள் பெயரிட்ட இம்மீன் இத்தீவுக்கே உரியது; விரைந்தோடும் தெளிநீரும் பாறையும் இல்லாவிட்டால் அதற்கு வாழ்வில்லை. பொல்கொல்லை 1976இலும், கொத்மலை, விக்டோரியா ஆகியவை 1985இலும் ஆற்றை மறித்தபோது அதன் பாறை மடுக்கள் பல தேங்கிய நீருக்குள் மூழ்கின. எஞ்சிய மடுக்களில் இரைக்கும் இடத்துக்கும் புதிய போட்டியாளர்களை ஏவுவதா என்பதுதான் கேள்வி. வளர்ப்பு மீன்களோடு ஒட்டுண்ணிகளும் நோய்களும் வருகின்றன. குஞ்சுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நீரோடு எடுத்துச் செல்லும்போது எந்த உயிர் எங்கே இறங்குகிறதென்று கணக்கெடுப்பார் இல்லை.

கூண்டில் வளர்க்கும் மீனுக்கு இடும் தீனியில் ஒரு பங்கு உண்ணப்படாமல் கீழே இறங்கி அழுகுகிறது; கழிவும் அதனோடு சேர்கிறது. பாசி பொங்குகிறது, மூச்சுக் காற்று நீரில் குறைகிறது. முதலில் சாவது கூண்டுக்குள் இருக்கும் மீனன்று; அதற்கு விசிறி வைத்துக் காற்றூட்டுவார்கள்.

தீனி என்றதும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். ட்ரவுட் புலாலுண்ணி. அதனைத் தொட்டியில் வளர்க்க மீன்மாவு வேண்டும். மீன்மாவு எங்கிருந்து வருகிறது? ஏழைகள் உண்ணும் சிறுமீனிலிருந்து. செனகலிலும் மொரித்தானியாவிலும் கரையோர மக்களின் அன்றாட உணவாகிய மத்திவகைகள் ஆலைகளில் அரைபட்டுத் தீனியாகிப் பிறநாட்டு மீன்தொட்டிகளுக்குச் செல்கின்றன. மத்தியை அரைத்து ட்ரவுட்டுக்கு ஊட்டி, ட்ரவுட்டைச் சுற்றுலா விடுதிக்கு விற்பதன் பெயர் புரத உற்பத்தியாம்! "ஏழைகளுக்காக" என்று தொடங்கிய வாக்கியம் எங்கே போய் முடிகிறது என்பதை ஆசிரிய நண்பர்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்.

இதே வாக்கியம் விக்டோரியா ஏரியில் எப்படி முடிந்தது என்பதை உலகம் கண்டுவிட்டது. கிழக்காப்பிரிக்காவின் அந்தப் பேரேரியில், பிரித்தானியர் ஆட்சியின் கடைசிக் காலமாகிய 1950களில், நைல் பெர்ச் என்னும் பெருமீன் விடப்பட்டது. 1980களில் அது ஏரியை நிறைத்தது. ஏரிக்கே உரிய சிறுமீன் வகைகளில் ஏறத்தாழ இருநூறு மறைந்தன அல்லது மறைவின் விளிம்புக்குச் சென்றன. மீன் பெருகிற்று என்பது மெய். ஏற்றுமதி பெருகிற்று என்பதும் மெய். சதைத் துண்டுகள் குளிரூட்டி ஐரோப்பாவுக்குப் பறந்தன. ஏரிக்கரை மக்களுக்குத் தலையும் முள்ளும் மிஞ்சின. முன்னர்ச் சிறுமீனைக் கரையில் வெயிலில் உலர்த்தி விற்ற பெண்கள், கொழுத்த பெர்ச்சை உலர்த்த முடியாமல் விறகடுப்பில் புகையூட்ட வேண்டியதாயிற்று. கரையோர மரங்களும் குறைந்தன.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சொல்லைப் பற்றி நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. இயற்கைக் காவலர்கள் சிலர் இந்த மீன்களை "வந்தேறிகள்" என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் நம் காதில் மீனோடு நிற்பதில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை அச்சொல்லால்தான் நாடற்றவர்களாக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மில் 5,25,000 பேரை மறுகரைக்கு எண்ணிக் கொடுக்க இசைந்தது. திலாப்பியா 1952இல் தமிழகத்துக்குப் போன வழியும் நினைவிற்குரியது. இலங்கையிலிருந்தும் பாங்கொக்கிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்ட அம்மீன் முதலில் இறங்கிய இடம் மண்டபம். தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன் பாட்டிமார் ஊசி போட்டு, நிறுத்திவைத்து, எண்ணி அனுப்பப்பட்ட முகாம் இருந்த அதே மண்டபம்! அங்கிருந்து அது தமிழ்நாட்டுக் குளமெல்லாம் பரவி, ஜிலேபிக் கெண்டை என்ற இனிப்பான பெயரும் பெற்றுவிட்டது. எந்த உயிரையும் பிறந்த மண்ணைக் கேட்டுத் தீர்ப்பளிப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. நம்மைச் சூழ்ந்து நிற்கும் தேயிலையே 1867இல் லூல்கந்துரவில் தோட்டப் பயிராக வேரூன்றிய அயல்செடிதான். மீனுக்குத் தாயகப் பற்றும் இல்லை, துரோகமும் இல்லை. அது செல்லுமிடத்தில் என்ன செய்கிறது, அதைக் கொண்டுவந்து விட்டவன் யார், விடும்போது யாரைக் கேட்டான், ஆதாயம் எவன் பையில் சேர்ந்தது என்பவைதான் நம் கேள்விகள். குற்றப்பத்திரிகை மீனின் பெயரில் எழுதப்படுமாயின், உண்மைக் குற்றவாளி சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு நமக்கு அறிவுரை சொல்லுவான்.

அறிவுரை சொல்லத்தான் செய்கிறான். "ஓடையைக் கெடுப்பவன் தொழிலாளி, அவன் வலைபோட்டு வாரிவிடுகிறான், நஞ்சிட்டுப் பிடிக்கிறான்" என்ற மூன்றாவது பதில் அங்கிருந்தே வருகிறது. நஞ்சிடுவது தீது, செய்பவன் நம்மவனாயினும் தீது. ஆனால் ஒரு சாக்குத்துணியை இரு முனையில் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஓடையில் இறங்கும் இரு சிறுவர்களா மகாவலியின் மேலாற்றை வெறுமையாக்கினார்கள்? காட்டை மொட்டையடித்து, உச்சிமுதல் அடிவரை தேயிலையிட்டு, மழைக்கு மழை மண்ணை ஓடையில் இறக்கியது யாருடைய கணக்கு? கந்தப்பளையைச் சுற்றி உருளைக்கிழங்கும் லீக்சும் கரட்டும் விளையும் சரிவுகளைப் பாருங்கள். பயிருக்கு அடிக்கும் மருந்தும் அள்ளிக் கொட்டும் உரமும் அடுத்த மழையில் எங்கே போகின்றன? அந்த மருந்தைத் தோளில் சுமந்து தெளிப்பவனும், அந்த ஓடை நீரில் துணி துவைப்பவளும் நம்மவர்களே. நண்டு சாவதற்கும் நமது கூலிக்காரனுக்குத் தோல் வெடிப்பதற்கும் காரணம் ஒரே போத்தலில் இருக்கிறது. தேயிலைச் சரிவையும் மருந்தையும் அணையையும் விட்டுவிட்டு, வளர்ப்பு மீனே எல்லாக் கேட்டுக்கும் மூலம் என்று நாம் சொன்னால் அதுவும் பொய்யாகும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் ஓடையின் மேல் ஏற்றும் இன்னொரு பாரம் அது. அந்த வகையில் அதன் பொறுப்பு சிறிதன்று.

விழாக்களை நாம் பார்த்திருக்கிறோம். பிரமுகர் வருவார், பிளாஸ்டிக் பையில் குஞ்சுகள் வரும், நீரில் கவிழ்ப்பதைப் படம் பிடிப்பார்கள், மறுநாள் "மக்களின் போஷாக்குக்காக" என்று செய்தி வரும். கவிழ்த்த குஞ்சு என்ன வகை, ஓடையில் முன்னர் என்ன இருந்தது, ஆறு மாதத்தின் பின் எவ்வளவு பிடிபட்டது, அதில் எத்தனை றாத்தல் லயத்துக்குச் சென்றது என்று கேட்டால் படத்தில் இருந்தவர்கள் எவரும் பதில் சொல்வதில்லை.

நாம் கேட்பது அரிய வரமன்று. தோட்டத்துப் பிள்ளைக்கு மீன் வேண்டும். அதை ஓடையோடு தொடர்பில்லாத அடைத்த குட்டைகளில் வளர்க்கலாம். குட்டைக்கு நிலம் வேண்டும். மலையில் ஒரு பேர்ச் நிலமும் தனதென்று சொல்ல முடியாத மக்களிடம் "குட்டை வெட்டுங்கள்" என்று சொல்லிச் செல்வதும் ஏமாற்றே. ஆதலால் மீன் பிரச்சினை இங்கே காணிப் பிரச்சினையாகவே திரும்பி வந்து நிற்கிறது. கம்பெனி வசமுள்ள கைவிடப்பட்ட சதுப்புகளையும் பள்ளங்களையும் தோட்டக் கூட்டுறவுகளுக்குக் கொடுத்தால் பேச்சு வேறு. அருவிகளுக்கு மேலே எந்த வளர்ப்பு மீனையும் விடுதலாகாது. விடுமுன் ஓடையில் இருப்பதைக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஊராருக்குப் படித்துக்காட்டப்பட வேண்டும்.

இது நடவாத காரியம் என்பவர்கள் கேகாலை மாவட்டத்தின் கலப்பிட்டமடவுக்குச் சென்று பார்க்கலாம். இறப்பருக்கும் வயலுக்கும் நடுவே ஓடும் ஒரு சிற்றோடையில் மட்டும் வாழும் பந்துல கெண்டை என்ற சிறுமீனை 1991இல் விஞ்ஞானிகள் இனங்கண்டார்கள். அது இன்றும் இருக்கிறதென்றால், வேலி போட்டு மனிதரைத் துரத்தியதால் அன்று. ஓடைக் கரையின் நிலத்துக்குரிய கிராமத்தாருக்கு அது தமது மீன் என்று தெரிந்தது. கரையைக் காப்பதில் அவர்களும் கைகொடுத்தார்கள். சிங்களக் கிராமத்தான் செய்யக்கூடியதைத் தமிழ்த் தொழிலாளி செய்யமாட்டான் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கரை அவனுடையதாக இல்லை என்பது ஒன்றே வேற்றுமை.

எட்டாம் வகுப்பின் கடைசி வாங்கைப் பற்றி மேலே சொன்னோம். அடுத்த சனிக்கிழமை அச்சிறுவனும் இன்னும் பதினொரு பேரும் நம்மோடு ஓடைக்கு இறங்கினார்கள். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, ஒரு தேயிலைச் சல்லடை, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை நமது ஆய்வுக்கூடம். கற்களைப் புரட்டிப் பார்த்து, கண்டதை வரைந்து, திரும்ப அதே இடத்தில் வைத்தோம். நண்டு நான்கு; அவற்றுள் இரண்டு ஒரே வகைதானா என்பதில் பிள்ளைகளிடையே தகராறு. கறுத்த தலைப்பிரட்டைகள் எண்ண முடியாதவை. இளம்புழுக்களுக்கு அவர்கள் தாங்களே பெயர் வைத்துவிட்டார்கள். மீன் ஒன்றும் அகப்படவில்லை. லயத்தின் மூத்த பெண்மணி ஒருத்தி, துணி துவைத்தபடியே, தான் சிறுபிள்ளையாக இருந்தபோது அந்தத் திருப்பத்தில் இறாலும் இருந்ததென்றார். நோட்டுப் புத்தகத்தில் அதையும் தேதியிட்டு எழுதிக்கொண்டோம். மற்றத் தோட்டங்களின் பாடசாலைகளும் இவ்வாறு எழுதத் தொடங்கினால், அடுத்த முறை பிளாஸ்டிக் பையோடு பிரமுகர் வரும்போது அவரிடம் நீட்ட நம் கையில் பன்னிரண்டு பக்கமாவது இருக்கும்.